சீனிக்குப்பியில் திருநீறு

1

கல்யாண வீடியோ ஒரு வருடம் கழித்துத்தான் எங்கள் கைக்கு வந்தது. எடுத்தவர் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார். ஞாயிறுகளில் மட்டும் இருந்து வெட்டி ஒட்டுகிறார். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே பலருக்கு ஒரு தொழில் போதாது, அதனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மகள் துளசிக்கும் மருமகனுக்கும் அன்று முதலாவது கல்யாண நாள். ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இடியப்பமும் சொதியும் முடிந்து, எல்லோரும் சோபாவில் சரிந்து படம் பார்க்கத் தொடங்கினோம்.

மண்டப வாசல் வந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, பக்கத்தில் நான். லண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறேன். பச்சைச் சேலையில் என்னைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கமராக்காரர் என் கையைக் கிட்டவாகக் காட்டினார். கண்ணாடி வயிறும் துளையிட்ட வெள்ளித் தலையுமாக ஒரு சாமான் திரை முழுக்க நின்றது.

துளசி படத்தை நிறுத்தினாள்.

“அம்மா, உங்கட கையில இருக்கிறது என்ன?”

“பன்னீர்ச்செம்பு.”

“இல்லை. இது சீனி தூவுற குப்பி. எங்கட வேலையிடத்தில யூலுக்குக் கஞ்சி குடிக்கேக்க மேசையில வைக்கிறவை. இதை எங்க எடுத்தனீங்கள்?”

யூல் என்றால் இங்கே நத்தார், கிறிஸ்மஸ். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கும் எனக்கு, இங்கே பிறந்தவள் சாமானின் பெயரைச் சொல்லித் தருகிறாள்.

“ஒரு ஆளிட்ட இரவல் வாங்கினது” என்றேன்.

இரவல் என்றால் கேட்டு வாங்குவது. என் கணவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து நிலத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே தகப்பனின் முகத்தைப் பார்த்துத்தான் துளசி என் பொய்களைப் பிடிப்பாள். அன்றும் பிடித்துவிட்டாள். மருமகன் இருந்தபடியால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. படம் தொடர்ந்து ஓடியது. நான் அதற்குப் பிறகு தாலி கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

2

நான் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்பவள். தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் மருந்துக் குளிசை கொடுத்து, குளிக்க உதவி, சாப்பாடு எடுத்து வைத்து வருவது. வேலையில் அறிந்ததை வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே அவருடைய பெயரை மாற்றி இங்கர் என்று எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய வேறு ஒன்றிரண்டையும் மாற்றியிருக்கிறேன். நான் செய்ததில் எதையும் மாற்றவில்லை.

இங்கர் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில் இருந்தார். வயது எண்பத்து நான்கு. திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று வருடம் நான்தான் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கைபேசியில் ஒரு பொத்தான், வெளியேறும்போது இன்னொன்று. நடுவில் இருபத்தைந்து நிமிடம். வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டும் இருந்து கோப்பி குடித்த நாட்கள் உண்டு. நோர்வேஜிய மொழியில் மரியாதைப் பன்மை ஒழிந்து வெகுகாலம். அவருக்கு நான் நீ, எனக்கு அவரும் நீ. தமிழில் எழுதும்போது மட்டும் அவரை அவர் என்று எழுதத் தோன்றுகிறது.

இங்கர் முப்பது வருடம் நகரத்தில் ஒரு வெள்ளிக்கடையில் நின்றவர். பழைய வெள்ளிச் சாமான்களை வாங்கி விற்கும் கடை. கரண்டியைக் கையில் எடுத்தால் அடியில் உள்ள முத்திரையைப் பார்க்காமலே எந்த ஊர்த் தட்டான் அடித்தது என்று சொல்லுவார். வேலையை விட்டபோது முதலாளி கொடுத்ததுதான் அந்தச் சீனிக்குப்பி. சீவிய கண்ணாடி வயிறு, வெள்ளிக் கழுத்து வளையம், அதன் மேல் திருகிக் கழற்றும் வெள்ளித் தலை, தலை முழுக்கப் பூ வடிவில் துளைகள். கண்ணாடியின் அடியில் எள்ளளவு காற்றுக்குமிழ் ஒன்று இருந்தது. அதனால் யாரும் வாங்காமல் கிடந்ததாம். “குறை உள்ளதைத்தான் வேலைக்காரிக்குக் கொடுப்பார்கள்” என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் குமிழைப் பெருவிரலால் தடவாமல் அதைக் கீழே வைக்கமாட்டார்.

சீனியைத் தூவ ஒரு வெள்ளிச் சாமானா என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், கோப்பி ஆறிவிட்டது. அந்தக் காலத்தில் சீனி தூளாக வரவில்லையாம். கூம்பு வடிவில், கல்லாக இறுகி, நீலத் தாளில் சுற்றி வரும். குறட்டால் நறுக்கி, உரலில் இடித்து, அரித்துத்தான் குப்பியில் போடுவார்கள். அலுமாரியில் வைத்துப் பூட்டுகிற பொருள், திறப்பு வீட்டுக்காரியின் இடுப்பில். விருந்தாளிக்கு முன்னால் சீனியைத் தூவுவது, எங்களிடம் சீனி இருக்கிறது என்று காட்டுவதற்கு. அதனால்தான் குப்பியை வெள்ளியில் செய்தார்கள். முதலில் முழுவதும் வெள்ளி, நெட்டையான உருளை. பிறகு இடை சிறுத்து வயிறு வைத்தது. கண்ணாடி சீவுகிற கலை பரவியபின் வயிறு கண்ணாடியாகி, தலையும் கழுத்தும் மட்டும் வெள்ளியாக மிஞ்சின. முன்பு மூன்றாக விற்பார்களாம். பெரியது சீனிக்கு, சின்னவை இரண்டும் மிளகுக்கும் கடுகுத் தூளுக்கும். கடுகுக் குப்பியின் தலையில் துளை இருக்காது. துளைபோலத் தெரியும்படி கோடு மட்டும் செதுக்கியிருப்பார்கள். அதற்குக் குருட்டுக் குப்பி என்று பெயர்.

“அவ்வளவு சீனி எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

இங்கர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த நாடு டென்மார்க் அரசனின் கீழ் இருந்தபோது அவனுக்குக் கரீபியனில் தீவுகள் இருந்தன. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்கள்தான் அங்கே கரும்பு வெட்டினார்கள். முப்பது வருடம் கடையில் நின்றேன், ராஜி. வாங்க வந்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.”

சொல்லியிருந்தால் விற்பனை குறைந்திருக்கும், அதற்கு இவர் என்ன செய்வார் என்றுதான் அன்று நினைத்தேன். சொல்லாமல் இருப்பதும் ஒரு காரியம் என்று எனக்கு அப்போது படவில்லை.

3

ஒஸ்லோவில் எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு நல்ல வெள்ளிப் பன்னீர்ச்செம்பு இருக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணம் முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கற்கண்டுத் தட்டு எல்லாம் ஒரு பெட்டிக்குள் சேர்ந்தே ஊர் சுற்றும். துளசியின் கல்யாணத்துக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டி வந்தது. செம்பு மட்டும் இல்லை. பேர்கன் நகரத்தில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் போனது அங்கேயே நின்றுவிட்டது.

தமிழ்க் கடையில் பிளாஸ்டிக் செம்பு இருந்தது. வெள்ளி நிறம் பூசியது. அதை வாங்கியிருக்கலாம். ஆனால் லண்டன்காரர் வருகிறார்கள். சம்பந்தம் பேசியபோதே அந்தப் பக்கத்து மாமி, “நோர்வேயில எல்லாம் சிம்பிளாத்தான் செய்வினம் போல” என்று சொல்லியிருந்தா. அந்தச் சொல் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. பிளாஸ்டிக் செம்போடு வாசலில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. இப்போது எழுதும்போது இது எவ்வளவு அற்பம் என்று தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் என் கடைசி வீடு இங்கர் வீடு. அவர் குளியலறையில். விழுந்துவிடாமல் கதவுக்கு வெளியே நின்று காது கொடுக்க வேண்டியது என் வேலை. நான் குசினிக்குள் நின்று கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டையாக, துளையிட்ட வெள்ளித் தலையோடு சீனிக்குப்பி நின்றது. பன்னீர் ஊற்றினால் யார் கண்டார்கள்?

கேட்டிருந்தால் தந்திருப்பார். சந்தோஷமாகத் தந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்லியும் இருப்பார். ஆனால் பராமரிக்கப் போகும் வீட்டில் ஒரு பொருளை அன்பளிப்பாகவோ இரவலாகவோ வாங்கக்கூடாது என்று விதி. கேட்டால் விதியை மீறியவள் ஆவேன், கேட்காமல் எடுத்துத் திங்கட்கிழமை வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஓடியது என் மூளை. விதிக்குப் பயந்து களவெடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

உள்ளே இருந்த சீனியை ஒரு ஜாம் போத்தலில் கொட்டி அலுமாரியில் வைத்தேன். குப்பியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இங்கர் குளித்துவிட்டு வந்து, “நாளைக்கு உன் மகளுக்கு வெயில் எறிக்கட்டும்” என்று என் கன்னத்தைத் தொட்டார். அவரைக் கல்யாணத்துக்கு நான் அழைக்கவில்லை. அதற்கும் ஒரு விதி இருந்தது.

4

கல்யாணத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகக் கொட்டியது, அவ்வளவுதான். லண்டன் மாமி கையில் வாங்கிப் பார்த்து, “பழைய அன்ரிக் சாமான் போல கிடக்கு” என்றா. நான் ஓம் என்றேன். அந்த ஓமுக்காகத்தான் எல்லாம் செய்திருந்தேன்.

ஞாயிறு காலை பன்னீர் மணம் போகவேண்டுமே என்று சவர்க்காரம் போட்ட சுடுநீரில் குப்பியை ஊறவைத்தேன். பிறகு வெள்ளி மங்கலாக இருப்பதாகப் பட்டது. வெள்ளி மங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? சாமியறைக்குள் போய் ஒரு பிடி திருநீறு எடுத்து, பழைய வேட்டித் துண்டால் தேய்த்தேன். விளக்குத் தேய்ப்பதுபோல இரண்டு கையாலும் தேய்த்தேன். தலை பளபளவென்று வந்தது. திருப்பித் தந்தாலும் மினுக்கித்தான் தருகிறேன் என்று ஒரு திருப்திகூட வந்தது.

அடுத்து வயிற்றைத் துடைக்கத் தூக்கியபோது கழுத்து வளையம் என் கையோடு வந்துவிட்டது. கண்ணாடி தொட்டிக்குள் நின்றது. வளையத்துக்குள்ளே வெள்ளையாக மா மாதிரி ஏதோ கரைந்து ஒழுகியது. கண்ணாடியையும் வெள்ளியையும் அந்தக் காலத்தில் வெள்ளைச் சாந்து வைத்துத்தான் பொருத்தினார்கள் என்பதும், அதைச் சுடுநீரில் ஊறவைக்கவே கூடாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். என் கணவர் பார்த்தார். “இஞ்சரும், அழாதையும். நான் ஒட்டித் தாறன்” என்று சொல்லி, சப்பாத்து ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்து ஒட்டினார். கொஞ்சம் சரிவாக ஒட்டிவிட்டது.

திங்கட்கிழமை இங்கர் படுக்கையில் இருந்தார். எழும்ப மனமில்லை என்றார். நான் குப்பியை அலுமாரியில், தட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். ஜாம் போத்தலைத் தேடினேன். அது மேசையில் இருந்தது. அது ஏன் மேசைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை.

5

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. நோர்வேக்காரர் சனிக்கிழமை மத்தியானம் பாலில் அவித்த அரிசிக் கஞ்சி குடிப்பார்கள். நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டி, மேலே சீனியும் கறுவாப்பட்டைத் தூளும். முப்பது வருடமாக இது எனக்குத் தெரியும், துளசி பள்ளிக்கூட நாட்களில் கேட்டழ, நானே காய்ச்சியிருக்கிறேன். ஆனால் இங்கரின் சனிக்கிழமையை நான் ஒருபோதும் பார்த்ததில்லை, என் முறை வெள்ளியோடு முடிந்துவிடும். அவருடைய மகன் ஒவ்வொரு சனியும் வந்து தாயோடு கஞ்சி குடிப்பவர் என்பதையும், சீனிக்குப்பி வாரத்தில் ஒருமுறை அதற்காகத்தான் கீழே இறங்கும் என்பதையும் நான் நினைத்தே பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மகன் அங்கே நின்றார். அறுபது வயது மனிதர், முகம் வாடியிருந்தது. சனிக்கிழமை அவர் வந்தபோது தாய் கதிரைக்கு மேல் ஏறி நின்று மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாராம். கீழே பீங்கான் தட்டுகள் பாதி நிலத்தில். யாரோ வந்து குப்பியை எடுத்துவிட்டு, சீனியை ஜாம் போத்தலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொன்னாராம்.

“எந்தக் கள்ளன் சீனியைப் போத்தலில் போட்டுவிட்டுப் போவான்?” என்று மகன் என்னிடம் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து, தட்டுகளை விலக்கி, குப்பியை எடுத்தார். “அம்மா. இங்கேயேதான் இருந்திருக்கிறது.”

இங்கர் அதை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு அடியில் குமிழைத் தடவினார். பிறகு பெருவிரல் மேலே ஏறிக் கழுத்தில் நின்றது. “இதை யாரோ திறந்திருக்கிறார்கள். இது சாந்து இல்லை” என்றார். தலையைத் தட்டினார். துளைகளுக்குள் இருந்து கொஞ்சம் வெள்ளைத் தூள் உள்ளங்கையில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இது சீனி இல்லை. சாம்பல்.”

மகன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். வயதானவர்களின் தலைக்கு மேலால் பிள்ளைகள் எங்களைப் போன்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. பாவம், பார்த்தீர்களா, என்று அர்த்தம்.

இங்கரும் என்னைப் பார்த்தார். “ராஜி, நீ சொல். இது முன்பு இப்படி இருந்ததா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கேட்காமல் எடுத்ததைக்கூட ஒரு தடுமாற்றம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்குச் சமாதானம் இல்லை. வேலை போகும், களவு என்று பதிவார்கள், தமிழாட்கள் எல்லோருக்கும் பெயர் கெடும் என்று மூன்று பயமும் ஒன்றாக வந்தன. குருட்டுக் குப்பி மாதிரி நின்றேன். பிறகு வாயைத் திறந்து, “எனக்கு ஞாபகம் இல்லை, இங்கர்” என்றேன்.

ஞாபகம் இல்லாதது எனக்கு. ஆனால் அதன் பலன் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

6

நகரப் பகுதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளை, துளசியின் வயதிருக்கும். என்னிடம் தனியாக, மாற்றம் எதையாவது கவனித்தாயா என்று கேட்டாள். சில நேரம் மறக்கிறார் என்றேன். அது பொய் அல்ல. குளிசையை இரண்டு தடவை எடுக்கப்போன நாள் உண்டு. சொன்ன கதையையே திரும்பச் சொல்லுவார். அடுப்பு ஒருமுறை எரிந்தபடி இருந்தது. ஆனால் குறிப்பேட்டில் நான் என் கையால் தட்டிய வசனம் இன்னொன்று: பொருட்களை இடம்மாற்றி வைத்துவிட்டுத் திருடு போனதாக நம்புகிறார். இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருந்தேன். முப்பது வருட நோர்வேஜிய மொழியில் நான் எழுதிய மிகச் சுத்தமான வசனம் அதுதான்.

இல்லத்தில் இடம் தருவதாக முடிவுக் கடிதம் வந்தது. இலையுதிர் காலத்தில் இங்கர் தெற்கே, ஹவுகெட்டோப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். இப்போது அவருடைய வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது.

நத்தாருக்கு ஒருதடவை பார்க்கப் போனேன். சீனிக்குப்பி ஜன்னல் ஓரத்தில் வெறுமையாக நின்றது. அங்கே கஞ்சிக்குச் சீனி கடதாசிப் பைகளில் வரும். இங்கர் மெலிந்திருந்தார். என்னை அறிந்தார். “நான் வீட்டை விடச் சம்மதித்திருக்கமாட்டேன், தெரியுமா?” என்றார். “மகன் எத்தனை வருடம் கேட்டான். அந்தச் சனிக்கிழமைதான் எனக்கே தெரிந்தது, என் தலைக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று. கண்ணால் பார்த்ததை, கையால் தொட்டதை, நானே தப்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னை நான் நம்பவில்லை.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்திருப்பார். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

7

கல்யாண நாளுக்கு அடுத்த நாள் துளசி தனியாக வந்தாள். குசினி மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவள் கோப்பையைத் தொடவில்லை. பிறகு நோர்வேஜிய மொழியில் களவுக்குரிய சொல்லைச் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லைப் போலும், அல்லது தமிழில் சொன்னால் எனக்கு இன்னும் கூடுதலாக வலிக்கும் என்று நினைத்தாளோ தெரியாது.

“அவவுக்குப் போய்ச் சொல்லுங்கோ அம்மா. உங்கட வேலையிடத்துப் பொறுப்பாளருக்கும் சொல்லுங்கோ.”

பக்கத்தில் நின்ற என் கணவர் குறுக்கிட்டார். “விசர்க் கதை கதையாதை பிள்ளை. அந்த மனுசிக்கு இப்ப ஒண்டும் ஞாபகமிராது. அம்மாவின்ர வேலையெல்லோ போகும்.”

“அவவுக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகமிருக்கு அப்பா. அது பிழையாய் ஞாபகமிருக்கு. அதைச் சொல்லத்தான் வேணும்.”

“எங்கட மானம்?”

“மானத்துக்குத்தானே அம்மா அதை எடுத்தவ” என்றாள் துளசி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். வாசலில் சப்பாத்துப் போடும்போது, “என்ர கல்யாணத்துக்கு வந்த ஆக்களை நீங்கள் அதாலதான் வரவேற்றனீங்கள்” என்றாள். அந்த வீடியோவை அவள் இதுவரை தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்கள் அலுமாரியில் கிடக்கிறது.

8

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி, நடு நிலையத்தில் மாறி, ஹவுகெட்டோவில் இறங்கினேன். இங்கர் ஜன்னலோரம் இருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை எடுத்தது, பன்னீர், சுடுநீர், திருநீறு, எல்லாம். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது: “என்ன பசை?”

“சப்பாத்துப் பசை.”

“முட்டாள்” என்றார். முப்பது வருட வெள்ளிக்கடைக்காரியின் கோபம் அது. பிறகு, “அந்தச் சாம்பல்?” என்றார்.

“சாம்பல்தான், இங்கர். எங்கள் சாமிக்கு முன்னால் வைக்கும் சாம்பல். நீ சொன்னது எல்லாம் சரி.”

“அப்படியானால் அந்தச் சனிக்கிழமை எனக்குத் தலை சரியாகத்தான் இருந்தது.”

“ஓம். சரியாக இருந்தது.”

அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. “போ” என்றார். நான் வந்துவிட்டேன். ரயிலில் அழுதேன், ஆனால் உண்மையைச் சொன்னால் கொஞ்சம் இலேசாகவும் இருந்தது. அந்த இலேசுக்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எப்படியும் அவர் ஒருநாள் போகத்தான் வேண்டியிருந்திருக்கும், அடுப்பு, குளிசை எல்லாம் இருக்கிறது” என்றார். பிறகு, “ஆனால் அன்று நான் அவரை நம்பவில்லை” என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் எச்சரிக்கை வந்தது, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். குறிப்பேட்டில் என் வசனத்தை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுதியதை அழிக்க முடியாதாம். கீழே திருத்தக் குறிப்பு ஒன்று சேர்க்கலாமாம். சேர்த்தேன். மேலே உள்ளது அப்படியே இருக்கிறது.

9

மன்னிப்புக் கேட்கலாம் என்று மறு சனியும் போனேன். இங்கர் சிரித்து வரவேற்றார். “எவ்வளவு நாள், ராஜி.” மடியில் குப்பி. பெருவிரல் கழுத்து வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தாதியிடம், “இதை யாரோ திறந்திருக்கிறார்கள். இது சாந்து இல்லை” என்றார்.

“ஆமாம், ஆமாம்” என்றாள் தாதி. எனக்குக் கண் காட்டி, “எப்போதும் இதைத்தான் சொல்லுவார், பாவம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் சொன்னது எதுவும் அவரிடம் தங்கவில்லை. தலை உடைந்த அந்தப் பொய்ச் சனி மட்டும் தங்கியிருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

இப்போது பதினொரு சனி ஆகிவிட்டது. ஒவ்வொரு சனியும் அவர் முதல்முறையாகக் கேட்கிறார். ஒருமுறை என் கையைத் தட்டிவிட்டு அழுதார். ஒருமுறை மணப்பெண் என்ன நிறம் உடுத்தாள் என்று கேட்டார். ஒருமுறை, “என்னை ஏன் கூப்பிடவில்லை?” என்றார். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பசையைப் பற்றி மட்டும் ஒருமுறையும் தவறாமல் ஏசுகிறார். வீட்டில் இவர், “ஒருக்கா சொன்னது காணாதே? அந்த மனுசியை ஏனப்பா ஒவ்வொரு கிழமையும் நோகப் பண்ணுறீர்?” என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். நான் பேசாமல் இருந்தால் இங்கருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் பேசாமல் இருந்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

பழைய வெள்ளியைச் சரிசெய்பவர் ஒருவரைத் துளசி தேடிப் பிடித்தாள். பசையை எடுத்துவிட்டு, வெள்ளைச் சாந்து வைத்து, வளையத்தை நேராகப் பொருத்தித் தருவாராம். போன சனி இதை இங்கரிடம் சொன்னேன். அன்று அவருக்கு நல்ல நாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார், ஏசியும் முடித்திருந்தார். குப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“சரிசெய்யாதே. எனக்கு இருக்கிற சாட்சி இது ஒன்றுதான்.”

நேற்றும் சனி. கறுவாத் தூளும் ஒரு பை சீனியும் கொண்டு போனேன். இல்லத்தில் அன்று கஞ்சி. இங்கரின் குப்பியில் சீனியை நிரப்பினேன், அவரே எடுத்துத் தூவினார். இரண்டு தூவலுக்குப் பிறகு கை நின்றது. பெருவிரல் கழுத்துக்குப் போனது. அதே தாதி கஞ்சித் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

“இதை யாரோ திறந்திருக்கிறார்கள்” என்றார் இங்கர், ஒருவரையும் பார்க்காமல். “இது சாந்து இல்லை.”

“ஓம், இங்கர்” என்றேன். “திறந்தது நான்தான். நீ சொல்வது சரி.”

இங்கர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து இருந்து, தாதியின் பக்கம் திரும்பினார்.

“கேட்டாயா?” என்றார்.